அமெரிக்காவுக்கு அழுமுன் நம் பஞ்சாயத்தைப் பாருங்கள்

திருவேட்டக்குடி என்.ஐ.டி. பக்கத்து டீக்கடையில் நண்பர்கள் அமெரிக்க ஜனநாயகம் செத்துவிட்டதாக வருந்தினார்கள். 2021 ஜனவரி 6 அன்று அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குள் கும்பல் புகுந்ததைப் பேசினார்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனால், கறுப்பின மக்கள் போராடிப் பெற்ற 1965 வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியப் பாதுகாப்பை 2013-இலேயே அங்குள்ள உச்ச நீதிமன்றம் முடக்கிவிட்டது. முதல் அடி அவர்கள்மேல்தான் விழுந்தது.

இங்கே கும்பல்கூடத் தேவைப்படவில்லை. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவித்த தேர்தலும் நின்றுபோனது. அதிகாரிகளே ஆள்கிறார்கள்.

இதில் இழந்தது யார்? ஆதிக்கச் சாதிக்காரர்களுக்கு அதிகாரியைப் பார்க்க ஆள் இருக்கிறது. சேரிக்கு இருந்தது தனித்தொகுதி நாற்காலி மட்டுமே. தலித்துகளுக்கும் பெண்களுக்கும் 73-ஆவது திருத்தம் தந்த இட ஒதுக்கீடு, தேர்தல் நடந்தால்தான் உயிர்பெறும். தேர்தலே நடத்தாமல் இருப்பதும் இட ஒதுக்கீட்டை ஒழிக்கும் வழிதான்.

தோழர்களே, அமெரிக்காவைப் பற்றிப் பேசுங்கள். அதே கோபத்தோடு நம் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலக வாசலிலும் நின்று கேளுங்கள்: எங்கள் தேர்தல் எங்கே?