கட்டுச் சோறும் ஆகாயப் பிரயாணமும்

மாட்டு வண்டியில் பிரயாணம் போன காலத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் கட்டுச் சோறு இல்லாமல் வாசற்படி இறங்கியது கிடையாது. வண்டியின் அச்சு முறியலாம். ஆற்றில் வெள்ளம் வரலாம். மாடு படுத்துக் கொள்ளலாம். அப்போது கையிலுள்ள மூட்டைதான் துணை என்பது அவர்கள் அனுபவித்து அறிந்த உண்மை. ஆகாய விமானம் வந்ததும் அந்தப் புத்தி நம்மை விட்டுப் போய்விட்டது. நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர் போய்ச் சேரும்போது மூட்டை எதற்கு என்று கேட்கிறோம். விமானப் பிரயாணத்திலும் அச்சு முறிவதுண்டு, ஆற்று வெள்ளமும் வருவதுண்டு என்பதை மறந்து விடுகிறோம்.

ஆற்று வெள்ளம் என்றது வெறும் உவமை அன்று. 2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி பெய்த பெருமழையில் அடையாறு பெருகிச் சென்னை விமான நிலையத்துக்குள்ளேயே புகுந்தது. ஓடுபாதை குளமாயிற்று. போக்குவரத்துப் பல தினங்கள் நின்று போய், அரக்கோணத்துக் கடற்படைத் தளத்திலிருந்து சில விமானங்களை விட வேண்டியதாயிற்று. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்திலுள்ள எரிமலை ஒன்று சாம்பலைக் கக்கியது. ஐரோப்பாவின் பெரும் பகுதியில் ஏறக்குறைய ஒரு வாரம் விமானங்கள் தரையிலேயே கிடந்தன. வானத்தில் போகிறவனுக்கும் பூமியின் கஷ்டங்கள் விலக்கல்ல.

இவ்விஷயத்தில் உலகத்துக்கே பாடம் கற்பித்த ஊர் ஒன்று உண்டு. கனடா தேசத்தில், நியூபவுண்ட்லாந்துத் தீவில், காண்டர் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஜனத்தொகை சுமார் பத்தாயிரம். 2001 செப்டம்பர் 11-ஆம் தேதி அமெரிக்கா தன் ஆகாயத்தை மூடிவிட்டபோது, அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்து கொண்டிருந்த 38 பிரயாணி விமானங்கள் அங்கே இறங்கின. ஆறாயிரத்துக்கு அதிகமான ஜனங்கள் ஒரே நாளில் வந்து குவிந்தார்கள். விமானத்தின் அடியறையில் போட்ட பெட்டிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. கையில் இருந்ததோடு இறங்கிய அவர்கள் நாலைந்து நாட்கள் அப்படியே இருக்க நேர்ந்தது.

அந்த ஊர் ஜனங்கள் பள்ளிக்கூடங்களையும் கோயில்களையும் தங்கள் வீடுகளையுமே திறந்து விட்டார்கள். சோற்றுக்கும் படுக்கைக்கும் குறைவில்லை. பெருங் கவலையாக வந்தது மருந்து. ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களின் மருந்தெல்லாம் அடியறைப் பெட்டிகளில் அடைபட்டுக் கிடந்தது. மருந்துக் கடைக்காரர்கள் இரவு பகலாக உட்கார்ந்து, தேச தேசங்களிலுள்ள வைத்தியர்களைத் தொலைபேசியில் அழைத்து, எவருக்கு எந்த மருந்து என்று விசாரித்துக் கொடுத்தார்கள். எல்லா ஊரும் காண்டர் ஆகிவிடுமா? ஆகையால் நம் கைப்பையில் முதலில் வைக்க வேண்டியது மருந்து என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை.

இன்று நம் குடும்பங்களில் தனியாக நீண்ட பிரயாணம் போகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். பேரக் குழந்தையைப் பார்க்கவோ, பெண்ணின் பிரசவத்துக்கோ, அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் புறப்படுகிறார்கள். பெரிய பெட்டியில் வடகமும் அப்பளமும் அடுக்கி, நடுவில் பத்திரமாக இருக்கட்டும் என்று மருந்துப் பொட்டலத்தையும் வைத்துக் கட்டி விடுகிறோம். பத்திரம் என்று நாம் நினைக்கும் அந்த இடமே அபாயமான இடம். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் மருந்தும் உடன் போய்விடும். இன்ஸுலின் விஷயத்தில் இன்னொரு கெடுதலும் உண்டு. அடியறையின் குளிரில் அது உறைந்துவிடக் கூடும். ஒரு முறை உறைந்த இன்ஸுலின் பிறகு உபயோகப்படாது. ஆகவே மருந்து முழுவதும் கைப்பையிலேயே வர வேண்டும். பிரயாண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்கு உபரியாகவும் இருக்க வேண்டும். மாத்திரைகளை அவற்றின் உறையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டுவது கூடாது. வைத்தியரிடம் சீட்டு வாங்கும்போது, கம்பெனி வைத்த பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். தேசத்துக்குத் தேசம் பெயர் மாறும். நாம் பாரஸிட்டமால் என்பதை அமெரிக்காவில் அஸிட்டமினோஃபென் என்கிறார்கள்.

இரண்டாவது, ஓர் இரவை நாற்காலியில் கழிப்பதற்கு வேண்டியவை. ஒரு மாற்று உடை, துண்டு, சால்வை, பல் துலக்கும் சாமான், இன்னொரு மூக்குக் கண்ணாடி, காது கருவி வைத்திருப்பவர்களுக்கு அதன் பாட்டரி. இவ்வளவு போதும்.

மூன்றாவது, ஆகாரம். மிளகாய்ப் பொடி தடவிய இட்லி, சப்பாத்தி, கடலை உருண்டை, பேரீச்சம் பழம் ஆகியவை இடம் அதிகம் கேளாமல் பசி தீர்ப்பவை. திரவப் பொருள்களைப் பற்றி மட்டும் ஜாக்கிரதை வேண்டும். திரவ வெடிமருந்தால் விமானங்களைத் தகர்க்கச் செய்த சதி 2006 ஆகஸ்டில் லண்டனில் வெளிப்பட்டது. அதுமுதல் பல தேசங்களில் 100 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட குப்பி எதையும் உள்ளே விடாத விதி வந்தது. சில நிலையங்களில் இப்போது தளர்த்தியிருந்தாலும் விதி உண்டென்றே வைத்துக் கொள்வது நல்லது. நெய்யும் தயிரும் ஊறுகாயும் சோதனை உத்தியோகஸ்தரின் கண்ணுக்குத் திரவந்தான். மருந்துக்கும் கைக்குழந்தையின் பாலுக்கும் விலக்கு உண்டு. கேட்குமுன் எடுத்துக் காட்டிவிட வேண்டும். தண்ணீருக்குக் காலிப் பாத்திரமாகக் கொண்டுபோய், சோதனை தாண்டிய பிறகு நிரப்பிக் கொள்ளலாம்.

நான்காவது, கைப்பேசிக்கு உயிர் கொடுக்கும் பவர் பாங்க். இதைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது, விதியும் அப்படித்தான். 100 வாட்-மணி வரை விசேஷ அனுமதியின்றிக் கையில் கொண்டு போகலாம். கடைகளில் 20,000 என்று குறித்து விற்பது சுமார் 74 வாட்-மணிதான். ஆனால் தலைக்கு மேலுள்ள அலமாரியில் அதை வைக்க வேண்டாம். 2025 ஜனவரி 28-ஆம் தேதி தென் கொரியாவில் பூஸான் நகர விமான நிலையத்தில், புறப்பட இருந்த விமானம் ஒன்றில் அந்த அலமாரியிலிருந்துதான் தீ கிளம்பிற்று. பவர் பாங்கே காரணமாயிருக்கலாம் என்று விசாரணையில் தெரிந்தது. தெய்வாதீனமாக உள்ளே இருந்த 176 பேரும் உயிர் தப்பினார்கள். கண்ணெதிரே இருந்தால் புகையும்போதே தெரியும்.

ஐந்தாவது, ஒரு காகிதம். பிள்ளை அல்லது பெண்ணின் விலாசம், தொலைபேசி எண், சாப்பிடும் மருந்துகளின் பெயர் ஆகியவை கையால் எழுதியிருக்க வேண்டும். கைப்பேசி அணைந்துவிட்டால் காகிதம் பேசும்.

இவ்வளவும் சேர்ந்து நாலு கிலோவைத் தாண்டாது. நம் நாட்டில் சாதாரண வகுப்பில் பெரும்பாலும் 7 கிலோ வரை அனுமதிக்கிறார்கள். மீதி மூன்று கிலோவுக்கு என்ன அடைக்கலாம் என்று யோசிக்க வேண்டாம். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்ற பழமொழி இங்கே வேறொரு விதத்திலும் பொருந்துகிறது.

ஆம், மெய்யான ஆபத்து வரும்போது இத்தனை கவலையோடு கட்டிய பையை அங்கேயே போட்டுவிட்டு ஓட வேண்டும்! 2024 ஜனவரி 2-ஆம் தேதி டோக்கியோவின் ஹானெடா நிலையத்தில் இறங்கிய ஜப்பானிய விமானம், ஓடுபாதையில் நின்ற கடற்காவல் விமானத்தோடு மோதித் தீப்பற்றிக் கொண்டது. கடற்காவல் விமானத்திலிருந்த அறுவரில் ஐவர் மாண்டனர். பெரிய விமானத்தில் இருந்தவர்கள் 379 பேர். எட்டு வாசல்களில் மூன்றுதான் உபயோகப்பட்டன. ஒலிபெருக்கி அமைப்பும் வேலை செய்யவில்லை. அப்படியும் விமானம் இறங்கிய 18 நிமிஷத்துக்குள் அனைவரும் உயிரோடு வெளியேறினார்கள். சாமான்களை எடுக்க வேண்டாம் என்ற சிப்பந்திகளின் கூச்சலுக்குப் பிரயாணிகள் கட்டுப்பட்டார்கள். ஒருவர் பெட்டியை எடுக்க நிற்கும் நேரம் பின்னால் நிற்பவரின் உயிர்.

ஆதலால் பை இரண்டாக இருக்க வேண்டும். கடவுச்சீட்டு, கொஞ்சம் பணம், அந்தக் காகிதம், ஒரு நாள் மருந்து ஆகியவை இடுப்பிலேயே இருக்கட்டும். நம் பாட்டிமாரின் சுருக்குப் பை இதற்கென்றே ஏற்பட்டது போலிருக்கிறது. மற்றவை கைப்பையில். முன்னதை ஒரு க்ஷணமும் கழற்றலாகாது. பின்னதைச் சொன்ன க்ஷணத்தில் விட்டுவிட வேண்டும்.

பெற்றோரை அனுப்பும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பையை நீங்களே கட்டிக் கையில் கொடுத்து விடாதீர்கள். முதல் நாள் மாலையே அதை அம்மாவிடமும் அப்பாவிடமும் கொடுத்து, அவர்களையே அடுக்கச் சொல்லுங்கள். நள்ளிரவில், பாஷை தெரியாத ஊரில், மாத்திரையைத் தேடப் போவது அவர்கள் கை. உங்கள் கை அல்ல.