சோடா அல்ல, சோதனை!

இரவு ஷிப்டு. இயந்திரத்தின் முன் நிற்கும் இளைஞன் திடீரென்று மார்பைப் பிடித்துக்கொள்கிறான். நெஞ்சு படபடக்கிறது; மூச்சு முட்டுகிறது; சட்டை வியர்வையில் நனைகிறது. "செத்துவிடுவேன் போலிருக்கிறதே!" என்று கதறுகிறான். சுற்றி நிற்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? "வாயுப் பிடிப்பப்பா, ஒரு சோடா குடி" என்கிறார் ஒருவர். "இருபத்தைந்து வயதிலே மாரடைப்பா? எல்லாம் பயம்!" என்கிறார் இன்னொருவர். "வேலைக்குச் சோம்பி நடிக்கிறான்" என்கிறார் மேஸ்திரி. மூன்று தீர்ப்புகள்! விசாரணை மட்டும் இல்லை.

தோழர்களே! விசாரித்த பிறகே தீர்ப்பு என்பது நாம் நாடெங்கும் கேட்கும் நியாயம். அந்த நியாயம் உழைப்பாளியின் நெஞ்சுவலிக்கு மட்டும் வேண்டாமா?

இந்தக் குழப்பம் நேற்று முளைத்ததல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, இளம் சிப்பாய்கள் பலர் நெஞ்சுவலி, படபடப்பு என்று மருத்துவமனைக்கு வந்தனர். டா கோஸ்டா என்ற மருத்துவர் அவர்களில் 300 பேரை ஆராய்ந்து, 1871இல் தம் முடிவுகளை வெளியிட்டார். இதய உறுப்பிலே ஊனம் காணப்படாதவர்களிடமும் அந்தத் துன்பம் இருந்தது. சிப்பாயின் இதயம் என்றே அதற்குப் பெயர் வந்தது. "நடிப்பு" என்று அவர் விரட்டவில்லை. "பயம்" என்று விட்டுவிடவில்லை. முதலில் மார்பிலே காதை வைத்தார். பிறகுதான் வாயைத் திறந்தார். நமக்கு வேண்டிய பாடம் அதுதான்.

அச்சத்தால் எழும் தாக்குதல் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டும். பிறகு மெல்ல அடங்கும். வேகவேகமாக மூச்சு வாங்குவதால் விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வரும்.

இதயக் கோளாறின் போக்கு வேறு. நடுமார்பில் பாறாங்கல்லை ஏற்றியது போன்ற அழுத்தம். கை, தாடை, முதுகு என்று பரவும் வலி. உழைத்தால் ஏறி, ஓய்ந்தால் இறங்கும் வலி இதயம் அடிக்கும் எச்சரிக்கை மணி! வேலையின் நடுவே மயங்கி விழுவதும், குடும்பத்தில் இளவயதிலேயே யாரேனும் திடீரென மாண்டிருப்பதும் அலட்சியப்படுத்தக் கூடாதவை. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவன் "எனக்கு வயதாகவில்லை" என்று வாதாடிப் பயனில்லை.

ஆனால் இந்த அடையாளங்களை வைத்து நாமே மருத்துவராகிவிட முடியாது. விளக்கைப் போட்டு அணைத்தாற்போலத் திடீரென்று தொடங்கி, திடீரென்று நிற்கும் ஒருவகை வேகத் துடிப்பு உண்டு. துடிப்பு நின்ற பிறகு இ.சி.ஜி. எடுத்தால் ஒன்றும் தெரியாமலும் போகும். "பயம்" என்று பெயர் சூட்டப்பட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் அதிலே உண்டு. இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் கூடப் படபடப்பைத் தரும். ஆகவே, புதிதாக நெஞ்சுவலி வந்தவனுக்கு வயது எதுவானாலும் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும், மருத்துவர் சொன்னால் மறுமுறையும் எடுக்க வேண்டும், இரத்தமும் சோதிக்க வேண்டும். வலி அடங்கவில்லையா? மயக்கம் வருகிறதா? 108-ஐ அழையுங்கள், சோடாக் கடையைத் தேடாதீர்கள்!

சோதனையில் இதயம் நலம் என்று தெரிந்தால்? "ஒன்றுமில்லை, போ" என்பதும் அநீதிதான். ஒன்றுமில்லாமலா அவன் துடித்தான்? தூக்கமில்லாத இரவு, கழுத்தை நெரிக்கும் கடன், நாளைக்கு வேலை இருக்குமா என்ற கலக்கம் இவையெல்லாம் அந்த அச்சத்துக்கு எண்ணெய் வார்க்கின்றன. பதற்றமும் நோய்தான், பேச்சாலும் மருந்தாலும் தணியக்கூடிய நோய். அதற்கு மருத்துவம் பெறாமல், கடன் வாங்கி ஸ்கேனுக்கு மேல் ஸ்கேன் எடுப்பதால் கடன்தான் வளரும். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. மனநோய்க்கும் உடல்நோய்க்கும் சமமான மருத்துவம் தரவேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. இதிலே வெட்கம் எதற்கு?

சங்கத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைத் தரும் இதயம் காப்போம் திட்டம் 2023இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. உங்கள் ஆலைக்கு அருகே அந்த நிலையம் எங்கே, இரவிலே இ.சி.ஜி. எடுக்கும் இடம் எது என்று கேட்டறிந்து வாயிற்பலகையிலே எழுதி வையுங்கள். இரவு ஷிப்டுக்கு ஒரு வண்டி, சோதனைக்குச் சென்ற நேரத்துக்குக் கூலிப்பிடித்தம் இல்லை – இவ்விரண்டையும் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள்.

முதலாளி மார்பைத் தொட்டால் மருத்துவர் ஓடிவருகிறார். தொழிலாளி மார்பைப் பிடித்தால் சோடாப் புட்டி வருகிறது. இரண்டு மார்பிலும் துடிப்பது ஒரே இதயம்தானே? அடுத்த முறை ஒரு தோழன் "நெஞ்சு வலிக்கிறது" என்றால் தீர்ப்பைச் சொல்லாதீர்கள். தோளைக் கொடுங்கள், சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்!