ஆளில்லா விமானமும் ஆள் பஞ்சமும்

அமெரிக்காவினின்று 31 ஆளில்லா விமானங்களை வாங்குவதற்கு இந்திய சர்க்கார் 2024 அக்டோபர் 15-ந் தேதி ஒப்பந்தம் செய்துகொண்டனர் என்பதை நேயர்கள் அறிவார்கள். எம்.க்யூ.-9பி என்னும் இவ்விமானங்களில் கடற்படைக்குப் பதினைந்தும், தரைப்படைக்கும் விமானப்படைக்கும் தலா எட்டும் என்று பங்கு வகுக்கப்பட்டிருக்கிறது. பங்கு வகுத்ததோடு காரியம் முடிந்துவிட்டதென எண்ணுவது பெரும் பிழையாகும். எந்தப் பிராந்தியத் தளபதியிடம் எத்தனை விமானம் நிற்பது, அவற்றை நடத்துவோர் யாருடைய ஆணைக்கு உட்படுவது என்னும் கேள்விகள் இனிமேல்தான் எழுகின்றன.

உதம்பூரிலுள்ள வடபிராந்தியத் தளபதி லடாக்கைக் காட்டிக் கேட்பார். கொல்கத்தாவிலுள்ளவர் கீழ்த்திசை மலைகளைக் காட்டிக் கேட்பார். மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் உள்ள கடற்படைத் தளபதிகள் இரு கடல்களையும் காட்டிக் கேட்பார்கள். 2001-ல் முப்படைக்கும் பொதுவாக அமைந்த அந்தமான் தளபதியும் சும்மா இரார். ஒவ்வொருவர் கேட்பதிலும் நியாயமுண்டு. ஆயினும், பங்காளிகள் பிதிரார்ஜிதத்தைப் பாகம் செய்வதுபோல் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டால், எல்லோரிடமும் விமானம் இருக்கும். எங்கும் முழுக் காவல் இராது.

கணக்கைப் பார்ப்போம். ஓரிடத்தில் இரவும் பகலும் இடைவிடாது காவல் காக்க நான்கு விமானங்கள் வேண்டுமென்று, இவ்வினத்தின் முந்திய ரகங்களுக்கு அமெரிக்க விமானப்படையினர் கணக்கிட்டனர். அதன்படி 31 விமானங்களைக் கொண்டு ஏழு இடங்களையே காக்கலாம். புதிய ரகம் நெடுநேரம் பறக்கவல்லதாகையால் ஓரிரண்டு இடம் கூடலாம், அவ்வளவே.

இதனினும் முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. 'ஆளில்லா விமானம்' என்ற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. விமானத்தினுள் ஆள் இல்லையே தவிர, தரையில் ஓட்டுபவர் ஒருவரும், அதன் கண்களை இயக்குபவர் ஒருவரும் முறை மாறி முறை உட்கார்ந்தாக வேண்டும். பழுது பார்ப்போரும், வரும் படங்களை ஆராய்வோரும் வேறு. 2008-ல் அமெரிக்க ராணுவ மந்திரி ராபர்ட் கேட்ஸ், போர்முனைக்குப் போதிய ஆளில்லா விமானங்கள் வரவில்லையென்று தம் விமானப்படையைப் பகிரங்கமாகவே கடிந்துகொண்டார். காவல்கள் பெருகின, ஆட்கள் அதற்கேற்பப் பெருகவில்லை. இருந்தவர்கள் ஓய்வின்றிக் களைத்தனர். முடிவில், 2015-ல் 65 காவல்களை 60-ஆகக் குறைக்க வேண்டி வந்தது. செல்வத்திற் சிறந்த தேசத்துக்கே நேர்ந்தது இது.

ஆகவே நமது அபிப்பிராயம் இது. விமானங்கள் எந்தப் படையின் நிலையத்தில் நின்றாலும், அவை தேசத்தின் பொதுவுடைமை என்று எழுத்து மூலமாகவே விதி செய்ய வேண்டும். பொதுவில் வைத்த பொருளை ஒருவரும் பேணார் என்று தளபதிகள் ஆட்சேபிக்கலாம். பேணும் பொறுப்பு ஒரு தளபதிக்கே இருக்கட்டும்; ஆபத்து வேளையில் அதை வேறு திசைக்கு அனுப்பும் அதிகாரம் முப்படைத் தலைமைத் தளபதியிடம் இருக்கட்டும். இது நடவாத காரியமன்று. கடலைக் காக்க வாங்கிய பி-8ஐ விமானங்கள் 2020-ல் லடாக் மலைகளின் மீதும் பறந்தன அல்லவா?

இரண்டாவதாக, விமானம் வந்து சேருமுன் ஆட்களைத் தயார் செய்தல் வேண்டும். 2020 முதல் அரக்கோணம் ராஜாளி நிலையத்தில் வாடகைக்கு எடுத்த இவ்வின விமானங்கள் இரண்டைக் கடற்படையினர் இயக்கி வந்தனர். அவற்றுள் ஒன்று 2024 செப்டம்பர் 18-ந் தேதி பழுதுற்று வங்கக் கடலில் இறக்கப்பட்டது. அந்நிலையத்தில் கிடைத்த அனுபவம் கடற்படையோடு நின்றுவிடாமல், மூன்று படைகளின் இளைஞர்களுக்கும் பொதுப் பயிற்சியாக வேண்டும்.

 விமானத்தைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். அதை நடத்தும் கைகளை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது. யானையை வாங்கிக் கட்டிய பிறகு பாகனைத் தேடும் பேதைமைக்கு நம் சர்க்கார் இடங்கொடார் என நம்புகிறோம்.