'கை குடுத்துக்கோங்க' என்றால் பிரச்னை முடிந்துவிடுமா?

எட்டாம் வகுப்பில் என் சத்துணவுத் தட்டு அடிக்கடி காணாமல் போகும். தட்டு இல்லாமல் வரிசையில் நிற்க முடியாது. தேடிப் பிடித்து எடுத்து வருவதற்குள் சாப்பாடு முடிந்திருக்கும். ஒளித்துவைப்பது யார் என்று வகுப்புக்கே தெரியும். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு டீச்சரிடம் சொன்னேன்.

டீச்சர் நல்லவர். அன்றைக்கே அந்த மூன்று பேரையும் என்னையும் வகுப்புக்கு முன்னால் நிறுத்தினார். "ஏன்டி இப்படிப் பண்றீங்க? ஸாரி சொல்லுங்க. நாலு பேரும் கை குடுத்துக்கோங்க" என்றார். கை கொடுத்தோம். விசாரணை முடிந்தது.

மறுநாளிலிருந்து தட்டு காணாமல் போகவில்லை. ஆனால், யாரும் என்னோடு பேசவும் இல்லை. 'போட்டுக்கொடுக்கிறவ' என்று பெயர் வந்தது. அதற்குப் பிறகு பள்ளி முடிக்கும்வரை எந்த டீச்சரிடமும் நான் எதையும் சொன்னதில்லை.

இது நான் படித்த ஓர் அரசுப் பள்ளியின் கதை. உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும்.

சமாதானம் வேறு... விசாரணை வேறு!

நம் பள்ளிகளில் புகார் வந்தால் முதலில் நடப்பது சமாதானம். சண்டை போட்ட இரண்டு பேருக்கு அது சரி. ஆனால், புல்லியிங் என்பது சண்டை அல்ல. ஒரு பக்கம் கூட்டம், இன்னொரு பக்கம் தனி ஆள். இருவரையும் எதிரெதிரே நிற்கவைத்துக் கேட்டால், தனி ஆள் என்ன பேசுவான்? "ஒண்ணுமில்ல சார், விளையாட்டுக்குத்தான்" என்பான்.

புகார் சொன்ன பிள்ளையிடம் தனியாகப் பேசவேண்டும். எங்கே, எப்போது, யார் பார்த்தது என்று எழுதிவைக்க வேண்டும். பார்த்த பிள்ளைகளிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும்விட, புகார் சொன்ன பிள்ளை அன்று மாலை வீட்டுக்கு எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். ஏனென்றால், ஆபத்து அதிகமாக இருப்பது புகார் சொன்ன பிறகுதான்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2023 ஆகஸ்ட்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் பிளஸ் டூ படித்த பட்டியலின மாணவன், சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான். ஏன் வரவில்லை என்று பள்ளியில் கேட்டபோது நடந்ததைச் சொன்னான். சொன்ன கையோடு, ஆகஸ்ட் 9 இரவு வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள்.

கயிறு பேசப்பட்டது... அலுவலர் பேசப்படவில்லை!

அதன் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது என்ற பரிந்துரைதான் டிவி விவாதங்களில் ஓடியது. அதே அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில், ராகிங், சாதிப் பாகுபாடு, பாலியல் துன்புறுத்தல் போன்றவற்றைக் கவனிக்கவே 'பள்ளி நல அலுவலர்' ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது அது.

எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பாடம் நடத்தி, பேப்பர் திருத்தி, 'எமிஸ்'ஸில் விவரம் ஏற்றும் அதே ஆசிரியர்தான் இன்று விசாரணையும் செய்ய வேண்டியிருக்கிறது. அவருக்குக் கிடைக்கும் பத்து நிமிடத்தில் 'கை குடுத்துக்கோங்க' மட்டும்தான் முடியும்.

'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டியைப் பல பள்ளிகளில் பார்த்திருப்பீர்கள். நல்ல ஏற்பாடு. ஆனால், அந்தப் பெட்டி எல்லோரும் பார்க்கும் இடத்தில் தொங்கினால், சீட்டு போடப்போகும் பிள்ளையையும் எல்லோரும் பார்ப்பார்கள் அல்லவா?

பெற்றோர் என்ன செய்யலாம்?

* வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். தேதி, இடம், நடந்தது ஆகியவற்றை எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

* பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். உங்கள் தெருவிலேயே ஓர் உறுப்பினர் இருக்கலாம். அவரிடம் பேசுங்கள்.

* பள்ளியில் அசைவு இல்லையா? பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைகள் உதவி எண் 1098. மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடமும் மனு கொடுக்கலாம்.

* "டி.சி. கொடுத்துடுவாங்களோ" என்று பயப்படாதீர்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம். தொல்லை கொடுத்த பிள்ளைக்கும் இது பொருந்தும். அவனைத் துரத்துவது தீர்வல்ல, திருத்துவதுதான்.

* பாலியல் தொல்லை என்றால் சமாதானப் பேச்சுக்கே இடமில்லை. போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் மறைத்தால் தலைமை ஆசிரியருக்கே ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

கடைசியாக, ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். புகார் சொன்ன பிள்ளையை ஒரு வாரம் கழித்துத் தனியாகக் கூப்பிட்டு, "இப்போ எப்படிம்மா இருக்கு?" என்று கேளுங்கள். என் டீச்சர் அன்றைக்கு அதைக் கேட்டிருந்தால், தட்டு கிடைத்துவிட்டது, தோழிகள்தான் கிடைக்கவில்லை என்று சொல்லியிருப்பேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இன்று இரவே கேட்டுப் பாருங்கள். "இன்னிக்கு என்ன படிச்ச?" வேண்டாம். "இன்னிக்கு யார்கூட உட்கார்ந்து சாப்பிட்ட?" என்று கேளுங்கள்.