பாத்திரம் பட்டியலிற் பிறப்பதில்லை

மேசையைச் சூழ்ந்திருந்து ஆடப்படும் பாத்திரமேற்பு விளையாட்டு நம்மவர்க்குப் புதியதாயினும் அதன் அடிப்படை எளியது. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுத் தாம் செய்வதைக் கூறுவர். ஐயத்துக்குரிய செயலின் முடிவைப் பகடை தீர்மானிக்கும். ஆயின் இன்று இதனுட் புக விரும்பும் ஒருவர் முதலிற் கற்க வேண்டியிருப்பது கதையன்று, பட்டியல்.

1974இல் அமெரிக்காவிலே கரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் ஆக்கிய 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' மூன்று சிறு நூல்களாக வெளிவந்தது. போர்வீரன், மந்திரவாதி, மதகுரு என மூன்றே பாத்திர வகைகள். அடுத்த ஆண்டே துணைநூலொன்று திருடனைச் சேர்த்தது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் வகைகள் 11. 2014இன் ஐந்தாம் பதிப்பில் 12. ஆட்டக்காரருக்கான கைந்நூல் மாத்திரமே 300 பக்கங்களைக் கடந்துவிட்டது. உட்பிரிவுகளும் தனித்திறன்களும் வேறு.

தெரிவுகள் பெருகின் சுதந்திரமும் பெருகும் என்பர் இதனை ஆதரிப்போர். இரு வீரர்களை வேறுபடுத்த விதியில்லையெனின் இருவரும் ஒருவரே ஆவர் என்பது அவர்தம் வாதம்.

யாழ்ப்பாணத்துக் காத்தவராயன் கூத்தைக் கண்டவர் இவ்வாதத்தை ஏற்கார். அங்கு ஒரே இரவிற் காத்தான் வேடத்தைப் பலர் ஒருவர்பின் ஒருவராக ஏற்பர். பாத்திரம் ஒன்றே, கதையும் ஊரறிந்ததே. எனினும் ஒரு காத்தானை மற்றக் காத்தானோடு எவரும் மயங்குவதில்லை. வேறுபாடு ஆடுபவனின் குரலிலும் நடையிலும் பிறக்கின்றது. ஏட்டிலுள்ள திறனைத் தெரிந்தெடுப்பவன் பொருள் கொள்வனவு செய்பவனேயன்றிப் பாத்திரத்தைப் படைப்பவனல்லன்.

குறைந்த விதியெல்லாம் நல்ல விதியென யாம் கூறவில்லை. 1974இன் நூல்கள் சிறியனவாயினும் தெளிவற்றவை. வேறு விளையாட்டுகளின் விதிகளை வேண்டி நின்றவை. எளிமை வேறு, குறைபாடு வேறு. நீண்ட பயிற்சியுடையோர் நுணுக்கமான தெரிவுகளில் இன்பங் காண்பதையும் யாம் மறுக்கவில்லை. ஆனால் அவ்வின்பமே வாயிலில் நிற்கும் காவலாகிவிடலாகாது. ஆங்கிலத்தில் அமைந்த, விலையுயர்ந்த, நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கற்ற பின்னரே கற்பனை செய்யலாம் என்பது நம் மாணவருட் பெரும்பாலோரை மேசையினின்றும் விலக்குவதேயாம்.

எனவே பத்துப் பக்கங்களுள் அடங்கும் விதிகளை நம் மொழியில் நாமே ஆக்குவோம். இரண்டு பகடைகளும் நான்கு நண்பர்களும் போதும். பாத்திரங்கள் ஆட்டத்திலே பிறக்கட்டும்.