செய்தியைப் படி, சொல்லைப் பிடி

மாணவர்களே! ஆங்கில மரபுத்தொடர்களைப் பட்டியலாக மனனம் செய்வதைவிட, நம் வாழ்வோடு தொடர்புடைய செய்திகளிலிருந்து கற்பதே மேல் என்பது எமது கருத்து. பட்டியல் பரீட்சை மண்டபத்தோடு மறந்துபோகும்; செய்தி மனதில் நிற்கும்.

உதாரணமாக, 2022 பொருளாதார நெருக்கடியின் பின் இலங்கை வைத்தியர்கள் பலர் வெளிநாடு சென்றனர். இதனை ஆங்கிலப் பத்திரிகைகள் 'பிரெய்ன் டிரெய்ன்' என எழுதின. இங்கு 'டிரெய்ன்' ரயில் அல்ல, நீர் வடிந்தோடுவது. கற்றோர் நாட்டைவிட்டு வடிந்து செல்வதே பொருள். 1960களில் பிரித்தானிய விஞ்ஞானிகள் அமெரிக்கா சென்றபோது பிரபலமான தொடர் இது.

'ஷோர்ட் ஒஃப் டொக்டர்ஸ்' என்றால் வைத்தியர் பற்றாக்குறை. ஆனால் 'த டொக்டர் இஸ் ஷோர்ட்' என எழுதினால் வைத்தியர் குள்ளமானவர் என்றாகிவிடும்! 'ஸ்கெலிட்டன் ஸ்டாஃப்' எலும்புக்கூடுகளல்ல. வேலை நின்றுவிடாதிருக்கத் தேவையான மிகக் குறைந்த ஆளணி.

இவை புள்ளிக்காக மட்டுமல்ல. கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ, வடக்கு ஆதார வைத்தியசாலையிலோ ஆளணி குறைந்தால் வரிசையில் காத்திருப்பவர்கள் நம் உம்மாவும் வாப்பாவும், அயலவரின் அம்மாவும் அப்பாவும்தான். ஆங்கிலம் நாட்டைவிட்டுப் போவதற்கே என்று சிலர் எண்ணுவர். நமது குறையைக் கொழும்புக்கு எழுதவும், தமிழ் தெரியாத வைத்தியரிடம் நோயை விளக்கவும் அதே மொழிதான் உதவும்.

ஆகவே நாளுக்கு ஒரு செய்தி, இரண்டு தொடர்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்த வாக்கியம் ஒன்று எழுதுங்கள். பரீட்சைக் கட்டுரையில் பொருத்தமான ஒரு தொடரே போதும். கறிக்கு உப்பும் அளவோடுதான்.