'தாங்கள்' என்று அழைத்துக்கொண்டவர்கள்

சித்திரக்கதைகளிலும் அசைபடங்களிலும் தோய்ந்து கிடக்கும் ஜப்பானிய இளைஞரைப் பற்றிப் பேச்செடுத்தால், நம் முற்போக்கு நண்பர் சிலர் உடனே தீர்ப்பு எழுதிவிடுகின்றனர்: முதலாளித்துவச் சீரழிவு, வாழ்விலிருந்து தப்பியோடுதல். இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. அச்சித்திரக்கதைகள்மீது நமக்குள்ள காதலன்று காரணம். அவற்றிற் பல நமக்குச் சலிப்பையே தருவன.

'ஒட்டாக்கு' என்னும் ஜப்பானியச் சொல்லின் நேர்ப்பொருள் 'தங்கள் இல்லம்' என்பதாகும். நெருங்கிப் பழகாதவரை மரியாதையாக விளிக்கவும் அது வழங்கும். வகுப்பறையிலே விளையாட்டுத் திறனும் வாய்ச்சாலமும் இன்றி ஒதுங்கி நின்ற பிள்ளைகள், தம்மையொத்த இரசிகரைக் கண்டபோது அச்சொல்லாலேயே ஒருவரையொருவர் விளித்தனர். நட்பைத் தொடங்கும் வகையறியாதார் மரியாதையைக் கொண்டு தொடங்கினர். அதிலே நகைக்க என்ன இருக்கிறது? ஆயினும், 1983இல் நக்கமோரி அக்கியோ என்னும் எழுத்தாளர் அந்த விளியையே அவர்களுக்குப் பட்டமாகச் சூட்டி, அவர்தம் உடையையும் தோற்றத்தையும் எள்ளி எழுதினார். 1989இல், சிறுமியரைக் கொன்ற ஒருவனின் அறையில் வீடியோ நாடாக்கள் குவிந்திருக்கக் கண்ட பத்திரிகைகள், அந்தப் பட்டத்தைப் பழிச்சொல்லாகவே ஆக்கிவிட்டன.

பழித்தவர் காணாத ஒன்றுண்டு. 1975 டிசெம்பரில் டோக்கியோவிற் கூடிய முதலாவது 'கொமிக் மார்க்கெட்'டில் 32 குழுக்களும் ஏறத்தாழ 700 பேரும் கலந்துகொண்டனர். பெரும்பாலோர் பள்ளி மாணவியர். தாமே எழுதி, வரைந்து, அச்சிட்டவற்றைத் தாமே விற்றனர். அங்கே 'வாடிக்கையாளர்' என்று எவருமில்லை. விற்பவர், வாங்குபவர், ஊதியமின்றி ஒழுங்கு செய்யும் தொண்டர் யாவரும் 'பங்குபற்றுவோர்' என்பதே கொள்கை. 2019 கோடையில் நான்கு நாள்களில் வருகை 7 இலட்சத்தைத் தாண்டியபோதும் அக்கொள்கை கைவிடப்படவில்லை. கீழ்த்தரமான நூல்கள் அங்கே விற்பனையாவதில்லை என்றோ, பெருங் கம்பனிகள் அங்கு நுழையவில்லை என்றோ நாம் சாதிக்கவில்லை. ஆனால், கையெழுத்துப் பத்திரிகை நடத்திப் பழகிய நம்மவருக்கு இம்முயற்சியின் பெறுமதியை விளக்கவும் வேண்டுமா?

சாடவேண்டிய இடம் வேறு. இந்தத் தோழமைப் பசியை வியாபாரி நன்கு மோப்பம் பிடித்துவிட்டான். 2005இல் டோக்கியோவின் அக்கிஹபராவில் தொடங்கிய 'ஏகேபி48' என்னும் பாடகியர் குழுவின் இசைத்தட்டுகளோடு, பாடகியின் கையைச் சில விநாடி பற்றுவதற்கான சீட்டு விற்கப்பட்டது. 2009 முதல் பாடகியரைத் தரவரிசைப்படுத்தும் 'தேர்தலுக்கு' வாக்குச் சீட்டும் அவ்வாறே விலைப்பட்டது. ஒரே இசைத்தட்டை நூற்றுக்கணக்கில் வாங்கினோரும் உளர். பாட்டுக் கேட்கவா வாங்கினர்?

ஜப்பானிய ஊழியருள் மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோர் இன்று நிரந்தரமற்ற வேலைகளில் உள்ளனர். இன்று ஒரு தொழிற்சாலை, நாளை வேறொரு களஞ்சியம் என்று அலைபவனுக்குப் பெயர் சொல்லி அழைக்கும் தோழன் எங்கிருந்து வருவான்? சீட்டுக்கு விலை கொடுத்து வரிசையில் நிற்கும் அவனைக் கண்டு சிரிக்கும் நண்பர்களை நாம் கேட்கிறோம்: அவனுடைய வேலைத்தலத்துக்கு அவனைத் தேடி எத்தனை சங்கங்கள் போயின?